மோட்டார் மாற்றும், தொய்வு கழற்றும்

மின்சாரக் கியர் போட்ட சைக்கிளில் செயின் கழலவே கழலாது என்று கடையில் யாராவது சொன்னால், அவர் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி இறங்கியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கழலும். பட்டனைத் தொட்டதும் சொன்ன பல்லில் செயினைக் கொண்டுபோய் உட்காரவைப்பது மோட்டாரின் வேலை. உட்கார்ந்த செயின் குழியில் குதிக்கும்போது எகிறாமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை. அதைச் செய்யும் பாகங்களில் பேட்டரி கிடையாது. விளம்பரங்களில் அவற்றைப் பற்றி அதிகம் பேசுவதும் கிடையாது. இந்த விமர்சனம் பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

ஓட்டிப் பார்த்தவை இரண்டு கிராவல் (சரளைச் சாலை) சைக்கிள்கள். ஒன்றில் முன்னால் இரண்டு பல்சக்கரம். முன்னும் பின்னும், செயினைப் பல் மாற்றும் டீரெய்லியரில் மோட்டார். இன்னொன்றில் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம். பின்னால் மட்டும் மோட்டார். இரண்டுமே பெயர் பெற்ற கம்பெனிகளின் சரக்கு. எது எங்கே கழன்றது என்று சொல்லும் இடங்களில் கம்பெனிப் பெயர் வராது. ஒரு சைக்கிளில் நடந்ததை வைத்து ஒரு கம்பெனிக்கே முத்திரை குத்துவது நியாயமில்லை.

சோதித்த சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமவெளி. இருபுறமும் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி. நடுவில் எல்லா ஊருக்கும் வேகத்தடை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைத் தாண்டினால் கோமுகி அணை. அதற்கப்புறம் காட்டுச் சாலை, கொண்டை ஊசி வளைவுகள், பெரியார் நீர்வீழ்ச்சி, கரியாலூர், வெள்ளிமலை. தார் நன்றாக இருக்கும் இடமும் உண்டு. தார் பெயர்ந்து ஜல்லி மட்டும் பல்லைக் காட்டும் இடமும் உண்டு. வெள்ளிமலையைத் தாண்டிச் சிற்றூர்களுக்குப் பிரியும் மண்பாதைகளில் மழை அறுத்த பள்ளங்கள் குறுக்கே கிடக்கும். கிராவல் சைக்கிள் விளம்பரத்தில் வருவது சலித்துப் பரப்பியதுபோன்ற வெள்ளைச் சரளைச் சாலை. அந்தச் சாலையில் எந்தச் செயினும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

மின்சாரக் கியர் புதிய சமாச்சாரம் அல்ல. பிரான்சின் மாவிக் கம்பெனி 1992-லேயே ஒன்றைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. ஷிமானோவின் டிஐ2 2009-லும், ஸ்ராமின் கம்பியில்லா இ-டேப் 2015-லும் வந்தன. கிராவலுக்கென்றே ஷிமானோ ஜிஆர்எக்ஸ் வரிசையை 2019-ல் இறக்கியது. அதன் 12 பல் (அதாவது பின்னால் 12 பல்சக்கரம்) டிஐ2 வடிவம் 2024-ல் வந்தது. ஸ்ராமின் எக்ஸ்பிஎல்ஆர் வரிசை 2021. நம் ஊரில் இவை பூட்டிய சைக்கிள் லட்சங்களில்தான் கிடைக்கும் என்பதால், வாங்குகிறவர் செயின் கழல்வது போன்ற பழைய தொல்லைகளெல்லாம் அந்த விலைக்குள் அடங்கிப் போய்விட்டதாக நம்புவது இயல்பு.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. கம்பி இழுக்கும் கியரில் முன் டீரெய்லியர் எப்போதும் வம்பு. கம்பி நீளும், உறைக்குள் மண் ஏறும், செயினைத் தள்ளும் கூண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. மோட்டார் வைத்ததில் கூண்டு ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத்தான் போகும். பின்னால் எந்தப் பல்லில் செயின் இருக்கிறதோ அதற்கேற்ப முன்கூண்டு தானாகவே ஒரு மயிரிழை நகர்ந்துகொள்ளும்; உரசல் சத்தம் கிடையாது. செயின் உட்பக்கமாகத் தாண்டி விழுவதற்கு முக்கியக் காரணம் கூண்டு அளவுக்கு மீறி உள்ளே போவது. அந்தக் காரணத்தை மோட்டார் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. சின்ன முன்பல், பெரிய பின்பல் என்று வைத்துக்கொண்டு கூண்டின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குள் இடைவெளி வருமாறு முதலிலேயே சரிசெய்துவிட்டால், பிறகு மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

கெட்டுப்போனது வேறொன்று. கம்பி கியரில் முன்பல்லை மாற்ற விரலால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அந்தத் தள்ளுக்கு உடம்பு தானாகவே ஒரு நல்ல நேரம் பார்க்கும். குழியின் நடுவில் யாரும் லீவரைத் தள்ள மாட்டார்கள். கை அப்போது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வதில் மும்முரமாக இருக்கும். பட்டனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஜல்லியில் குலுங்கிக்கொண்டே தொட்டாலும் மாற்றிவிடும். தெரியாமல் விரல் பட்டாலும் மாற்றிவிடும். காலில் முழுப் பாரம் இருக்கிறதா, செயின் ஆடிக்கொண்டிருக்கிறதா என்று மோட்டார் கேட்பதில்லை. இரட்டைப் பல் சைக்கிளில் எனக்குச் செயின் கழன்றதெல்லாம் ஏறக்குறைய இந்த மாதிரித் தருணங்களில்தான்: வேகமாக வந்து, திடீரென்று ஏற்றம் எதிர்ப்பட்டு, பெரிய பல்லிலிருந்து சின்னப் பல்லுக்கு இறக்கும்போது ஒரு குலுக்கல்.

ஏன் அந்தத் தருணம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். ஜிஆர்எக்ஸில் ஒரு முன்பல்சக்கர ஜோடி 48-31; வித்தியாசம் 17 பல். செயின் சக்கரத்தின் பாதியைத்தான் சுற்றியிருக்கிறது என்பதால், இறக்கும் கணத்தில் விடுபடும் நீளம் 17-ஐ 12.7-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தது: ஏறக்குறைய 108 மி.மீ. நான்கு அங்குலத்துக்கு மேல் செயின் ஒரு நொடிக்குள் வேலையில்லாமல் தொங்குகிறது. பின் டீரெய்லியரின் கூண்டுதான் பின்னுக்குச் சாய்ந்து அதை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் ஒரு குழி வந்தால், தொங்கும் செயின் சின்னப் பல்லில் உட்காராமல் அதற்கும் உள்ளே, பாட்டம் பிராக்கெட் பக்கம் போய் விழுகிறது. ஸ்ராம் தன் கிராவல் ஜோடியை 43-30 என்று வைத்திருக்கிறது. 13 பல் வித்தியாசம், விடுபடுவது சுமார் 83 மி.மீ. இந்தச் சாலையைப் பொறுத்தவரை அது நல்ல முடிவு என்றே சொல்வேன்.

இதே கணக்கை வைத்துத்தான் கம்பெனிகளின் கைப்பேசி ஆப்பில் வரும் ஒரு வசதியின்மேல் எனக்குப் புகார். ஷிமானோவில் செமி-சிங்க்ரோ என்றும் ஸ்ராமில் காம்பன்சேட்டிங் என்றும் சொல்வார்கள். முன்பல்லை மாற்றினால் பெடல் திடீரென்று இலேசாகிவிடுமல்லவா? அதை ஈடுகட்டப் பின்பல்லையும் அதே நேரத்தில் தானாக ஒன்றிரண்டு படி எதிர்த்திசையில் நகர்த்தும் ஏற்பாடு. தார் ரோட்டில் அருமையாக இருக்கிறது. ஆனால் முன்னால் சின்னதுக்கு இறங்கும்போது பின்னாலும் சின்னதுக்கு இறங்குகிறது. அதாவது இன்னும் கொஞ்சம் செயின் விடுபடுகிறது. 21 பல்லிலிருந்து 17-க்குப் போனால் கூடுதலாக 25 மி.மீ. மொத்தம் 133 மி.மீ. தொய்வு, அதுவும் இரண்டு முனையிலும் செயின் இடம் மாறிக்கொண்டிருக்கும்போது. நான் அதை அணைத்துவிட்டேன். மலையில் பின்பல்லைத் தனியாக, ஒரு விநாடி கழித்து மாற்றிக்கொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. விடமாட்டேன் என்பவர்கள் ஈடுகட்டும் படியை ஒன்று என்று குறைத்து வையுங்கள். இரண்டு ஆப்பிலும் அதற்கு இடமுண்டு.

எல்லா மாற்றத்தையும் ஒரே பட்டனில் விட்டுவிடும் முழுத் தானியங்கி முறை இன்னும் மோசம். அடுத்த கியர் கேட்டால் எந்தக் கணத்தில் முன்பல் மாறும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எதிரே குழி இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சைக்கிள் கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பேட்டரி போட்டா செயின் டைட்டாயிடுமா தம்பி? லூஸ் இருந்தா அது பாட்டுக்குக் கழண்டுதான் போவும்." அவர் கை பழகியது ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும்; 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் காலத்து வண்டிகள். அவற்றில் செயின் தொய்ந்தால் பின்சக்கர நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கிவிடுவார்கள், தீர்ந்தது. கியர் சைக்கிளில் அந்த இழுப்பை ஸ்பிரிங்கிடம் ஒப்படைத்திருக்கிறோம். குலுங்கினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் கிளட்ச்.

கிளட்ச் என்பது பின் டீரெய்லியரின் கூண்டுக்குள் இருக்கும் ஒரு முட்டுக்கட்டை. கூண்டு பின்னுக்குப் போகலாம். முன்னுக்கு வர வேண்டுமானால் உராய்வை மீறித்தான் வர முடியும். குழியில் குதிக்கும்போது செயினின் எடையே கூண்டை முன்னுக்கு இழுக்கப் பார்க்கும். கிளட்ச் அதை மறுக்கிறது. மலைச் சைக்கிளிலிருந்து வந்த சரக்கு இது. ஷிமானோவின் ஜிஆர்எக்ஸில் இதற்கு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, இயக்கலாம், அணைக்கலாம். ஸ்ராமின் மேல்நிலை வகைகளில் உராய்வுக்குப் பதில் கெட்டித் திரவம் அந்த வேலையைச் செய்கிறது. அணைக்கும் வழி இல்லை, தேவையும் இல்லை.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது: ஷிமானோவின் ரோட்டுப் பந்தய டிஐ2 வகைகளான துரா-ஏஸ், அல்டெக்ரா, 105 ஆகியவற்றின் 12 பல் பின் டீரெய்லியரில் கிளட்ச் கிடையாது. அவற்றைப் பூட்டி, அகலமான டயர் போட்டு, கிராவல் என்று பெயர் வைத்து விற்கும் சைக்கிள்கள் உண்டு. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் எந்த வித்தியாசமும் தெரியாது. கரியாலூரிலிருந்து இறங்கும்போது செயின் சட்டத்தில் அடிக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நெம்புகோல் வைத்த கிளட்சில் இன்னொரு தொல்லை: சக்கரம் கழற்றுவதற்காகக் கடையில் அதை அணைத்துவிட்டு, திரும்ப மாட்டும்போது அப்படியே விட்டுவிடுவார்கள். அணைந்த கிளட்ச் இல்லாத கிளட்ச். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது கூண்டை விரலால் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பு இருக்க வேண்டும். நாளாக ஆக அந்த எதிர்ப்பு தேய்ந்து குறையும். ஷிமானோவில் உள்ளே இறுக்கிக்கொள்ள வழி இருக்கிறது.

கிளட்ச் இருந்தும் இரட்டைப் பல் சைக்கிளில் செயின் கழன்றது. கிளட்ச் இல்லாததைவிடக் குறைவு, அவ்வளவுதான். அதை அடியோடு நிறுத்தியது செயின் கேட்சர் என்ற, விரல் நீளம்கூட இல்லாத ஓர் அலுமினியத் துண்டு. முன் டீரெய்லியர் சட்டத்தில் பூட்டியிருக்கும் அதே போல்ட்டில் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். சின்னப் பல்லுக்கு உட்புறம், செயினை ஒட்டி நிற்கும். செயின் உள்ளே விழப் பார்த்தால் இடமில்லை. திரும்பப் பல்லிலேயே உட்காரும். இதில் எந்த நுட்பமும் இல்லை. விலை, சைக்கிளின் விலையில் சில்லறை.

அதைப் பூட்டுவதில்தான் பொறுமை வேண்டும். சின்ன முன்பல், ஆகப் பெரிய பின்பல் என்று வைத்தால்தான் செயின் மிக உள்ளே வரும். அந்த நிலையில் கேட்சருக்கும் செயினுக்கும் நடுவே அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை விட்டு இறுக்க வேண்டும். கூடினால் செயின் அந்தச் சந்தில் போய் மாட்டி, வராமலே போகும் அபாயம். குறைந்தால் ஓயாமல் உரசும். அதே போல்ட் முன் டீரெய்லியரையும் பிடித்திருப்பதால், கேட்சரை நகர்த்தும்போது டீரெய்லியரும் இலேசாகத் திரும்பிவிடுகிறது. இறுக்கியபின் கூண்டின் கோணத்தை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். எனக்கு இந்த வேலை ஒரு மதியத்தை விழுங்கியது. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் செயின் உட்பக்கம் விழவில்லை. வேண்டுமென்றே வேகத்தடையின் உச்சியில் பல் மாற்றிப் பார்த்தேன். ஒரு 'டக்' சத்தம், செயின் பல்லில். காசுக்குப் பலன் என்று பார்த்தால் இந்தச் சோதனையில் முதலிடம் இதற்குத்தான். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு சைக்கிளோடு இதைச் சேர்த்துத் தராத கம்பெனிகளை என்ன சொல்வது? ஸ்ராம் சட்டத்தில் திருகும் வகை முன் டீரெய்லியரோடு இப்படி ஒன்றைச் சேர்த்துத் தந்திருக்கிறது, மற்றவர்களும் செய்யலாம்.

வெளிப்பக்கம் விழுவதைக் கேட்சர் தடுக்காது. அது பெரிய பல்லுக்கு ஏற்றும்போது நடப்பது, அபூர்வம். வெளி எல்லையை ஆப்பிலோ திருகாணியிலோ கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும்.

இந்த ஊருக்கே உரிய சில எதிரிகளைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இருக்காது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போன பிறகு சாலையெங்கும் சோகை கிடக்கும். காய்ந்த சோகை பின் டீரெய்லியரின் சின்ன உருளைகளில் சுற்றிக்கொண்டால் கூண்டு அசையாது. கூண்டு அசையாவிட்டால் தொய்வை இழுக்க ஆளில்லை. அப்போது பல் மாற்றினால் மோட்டார் தன் வேலையைச் சரியாகச் செய்யும், செயின் கீழே தொங்கும். சோகை நறநறவென்று சத்தம் கொடுத்ததுமே நின்று பிடுங்கிவிட வேண்டும். இன்னும் இரண்டு மிதி மிதிப்போம் என்பது டீரெய்லியரையே திருகி ஆரத்துக்குள் அனுப்பும் வேலை. அதேபோல அறுவடை நேரத்தில் சாலையில் மக்காச்சோளம் காயும், தானியக் கதிர் பரப்பியிருக்கும். அதன்மேல் ஏறாமல் சுற்றிப் போவது உழவருக்கும் மரியாதை, உருளைக்கும் நல்லது.

மலைமேல் வேறு கதை. கோடையில் செம்மண் தூள் செயினில் ஒட்டி எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். 12 பல் செயின் ஒல்லியானது. அரை சதவீதம் நீண்டாலே மாற்றிவிட வேண்டும். அளக்கும் கருவி மலிவுதான். நீண்ட செயின் பல்லில் ஆழமாக உட்காராது. உட்காராத செயினைக் கேட்சரும் கிளட்சும் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கும்? கெட்டி எண்ணெய் பூசி வழியவிடும் நம் பழக்கம் இங்கே ஆகாது. உலர்ந்த வகை எண்ணெயோ மெழுகோ போட்டால் தூசி குறைவாக ஒட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையில் மெழுகு ஒரே நனைப்பில் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி ஒற்றைப் பல் சைக்கிள். முன்னால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால், 108 மி.மீ. தொய்வு என்ற பேச்சே எழுவதில்லை. பின்னால் மிகப் பெரிய தாவலான 44-லிருந்து 38-க்குப் போனாலும் விடுபடுவது 38 மி.மீ.தான். முன்பல்சக்கரத்தின் பற்கள் ஒன்று தடித்தும் ஒன்று ஒல்லியாகவும் மாறி மாறி வரும். செயினின் அகலக் கண்ணியிலும் குறுகிய கண்ணியிலும் அளந்து நுழைந்து பிடித்துக்கொள்ளும். ஸ்ராம் 2012-ல் மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்த யோசனை, இன்று எல்லாரும் செய்கிறார்கள். கிளட்சும் இந்தப் பல்லும் சேர்ந்தால் போதும், வேறு காவல் வேண்டாம் என்பது விற்பனைப் பேச்சு.

போதாது என்பதற்கு உலகறிந்த சாட்சி இருக்கிறது. 2023 மே 27, இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தின் 20-ம் கட்டம், மோந்தே லுசாரி மலைமேல் நேரப் போட்டி. ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் அன்று ஓட்டியது ரோட்டு சைக்கிள்தான். ஆனால் செங்குத்து ஏற்றத்துக்காகக் கிராவல் பாகங்களைப் பூட்டியிருந்தார். முன்னால் ஒற்றை 42 பல், பின்னால் 10-44, மின்சாரக் கியர். ஏற்றத்தின் நடுவில் சாலை தூக்கிப்போட்டது, செயின் கழன்றது. இறங்கி, கையால் மாட்டி, பார்வையாளர் கூட்டத்திலிருந்த பழைய பனிச்சறுக்குத் தோழர் ஒருவர் தள்ளிவிட, மறுபடி ஏறினார். அப்படியும் போட்டியாளர் கெரெய்ன்ட் தாமஸைவிட 40 விநாடி முந்தி முடித்து, மொத்தப் பந்தயத்தை 14 விநாடி வித்தியாசத்தில் வென்றார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. 2010-ல் பிரெஞ்சுச் சுற்றுப்பந்தயத்தில் மஞ்சள் சட்டையோடு ஏறிக்கொண்டிருந்த ஆண்டி ஷ்லெக்கின் செயின் கழன்ற அன்று அவர் இழந்தது 39 விநாடி. பந்தயம் முடிந்த பாரிஸில் அவர் முதலிடத்துக்குப் பின்தங்கியதும் அதே 39 விநாடி. ஷ்லெக்கிடம் இருந்தது கம்பி கியர், ரோக்லிச்சிடம் பேட்டரி. செயினுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

மலையில் நான் ஓட்டிய ஒற்றைப் பல் சைக்கிளும் இறக்கத்தில் ஒருமுறை செயினை உதறியது: பெடலைப் பின்னுக்குச் சுற்றிக் காலை நிமிர்த்திய அதே நேரத்தில் மழை அறுத்த பள்ளம் ஒன்று குறுக்கே வந்தது. பின்னுக்குச் சுற்றும்போது செயினின் மேல்பாதி தளரும். தடித்த பல், ஒல்லிப் பல் எல்லாம் அந்த நேரத்தில் உதவுவதில்லை. அதன் பிறகு முன்பல்சக்கரத்தின் மேல் ஒரு செயின் கைடு பூட்டினேன். முன் டீரெய்லியர் இருக்க வேண்டிய இடத்தில், செயினுக்கு இருபுறமும் பிளாஸ்டிக் சுவர் நிற்கும் சாதனம். எடை சில பத்து கிராம். கேட்சரைவிடப் பூட்டுவது சுலபம், அதைவிட நம்பகமும்கூட. கரடுமுரடான இறக்கங்களில் எவ்வளவு குலுக்கியும் அதன்பின் செயின் அசையவில்லை.

அப்படியானால் இங்கே எதை வாங்குவது? எண்களைப் பாருங்கள். இரட்டைப் பல்லில் 48-31, பின்னால் 11-34 என்று வைத்தால் ஆக இலேசான கியர் 31-ஐ 34-ஆல் வகுத்தது: 0.91. ஒற்றைப் பல்லில் 40, பின்னால் 10-44 என்றால் 40-ஐ 44-ஆல் வகுத்தது: அதுவும் 0.91. ஏற்றத்தில் துளி வித்தியாசம் கிடையாது. மேல்முனையில் ஒன்று 4.36, மற்றது 4.0. நாற்பது மி.மீ. டயரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் முன்னது மணிக்கு 52 கி.மீ. அருகே, பின்னது 47-48. கல்வராயன் மலை இறக்கத்தில் 48-க்கு மேல் மிதிக்கத் துணிகிறவர் எதிரே வரும் பேருந்தைப் பற்றிக் கவலைப்படாதவராக இருக்க வேண்டும். ஆக, முன் டீரெய்லியர் என்ற பாகம் இந்த மலையில் தருவது நீங்கள் பயன்படுத்தப்போகாத ஒரு வேகத்தை. அதற்கு விலையாக வாங்கிக்கொள்வது செயின் கழலும் வாய்ப்புகளில் பெரும்பங்கை.

ஒற்றைப் பல்லின் குறை சமவெளியில் தெரியும். 10-44-ல் படிகள் 13, 15, 17, 19 என்று தாவும். 11-34-ல் 11-லிருந்து 15 வரை ஒவ்வொரு பல்லாகக் கிடைக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து எதிர்க்காற்றில் அணை வரை போகும்போது, ஒரு கியர் கனமாகவும் அடுத்தது இலேசாகவும் இருந்து, நடுவில் ஒன்று கிடைக்காதா என்று கால் கேட்கும். தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டி, எப்போதாவது மலை ஏறுகிறவருக்கு இரட்டைப் பல்லும் கேட்சரும் சரி. மலைக்காகவே வாங்குகிறவருக்கு ஒற்றைப் பல்லும் கைடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேட்டரியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 12 பல் டிஐ2-வுக்கு ஒரு சார்ஜில் ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு என்கிறது ஷிமானோ. ஸ்ராம் சுமார் 60 மணி நேர ஓட்டம் என்கிறது. கள்ளக்குறிச்சி–வெள்ளிமலை போய்வருவதற்கு இரண்டும் ஏராளம்.

ஆனால் ஹேங்கரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின் டீரெய்லியரைச் சட்டத்தோடு இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியக் காது, அடிபட்டால் டீரெய்லியரைக் காப்பாற்றத் தானே வளைவதற்கென்று செய்யப்பட்டது. வண்டியைச் சும்மா வலப்பக்கம் சாய்த்துப் போட்டாலே வளையும். வளைந்தபின் மோட்டார் துல்லியமாக, தப்பான இடத்துக்குச் செயினைக் கொண்டுபோகும்: ஆகப் பெரிய பல்லையும் தாண்டி, ஆரங்களுக்குள். ஆப்பில் நுண்சரிசெய்து சமாளிக்கலாம் என்று தோன்றும். கூடாது, நடுப்பற்கள் சரியாகும், ஓரப்பல் மோசமாகும். நிமிர்த்தும் கருவி பெரிய ஊர்க் கடைகளில்தான் இருக்கும். ஸ்ராம் 2019-ல் கொண்டுவந்த பொது ஹேங்கர் இப்போது பல கம்பெனிச் சட்டங்களில் வருவதால், உங்கள் சைக்கிளில் அது இருந்தால் உதிரி வாங்குவது சுலபம். இல்லாவிட்டால் உங்கள் சட்டத்துக்கென்றே உள்ள வார்ப்பைத் தேடிச் சென்னையிலிருந்தோ இணையத்திலோ முன்கூட்டியே வரவழைத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கீழே விழுந்து எழுந்தபின் பின் டீரெய்லியர் பட்டனுக்கு அசையாவிட்டால் பதற வேண்டாம். அடி பலமாக இருந்தால் மோட்டாரைப் பல்லிணைப்பிலிருந்து தானாக விடுவித்துக்கொள்ளும் ஏற்பாடு இரண்டு கம்பெனிகளிடமும் உண்டு. ஸ்ராமில் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். ஷிமானோவில் பொத்தானை அழுத்திப் பிடித்து மீட்டமைக்க வேண்டிவரலாம். அந்தப் பக்கத்தைக் கையேட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது.

செயின் மட்டும் உள்ளே விழுந்து, எங்கும் மாட்டாமல் தொங்கினால் இறங்கவே வேண்டாம். இரட்டைப் பல்லாக இருந்தால் பெரிய பல்லுக்கு ஏற்றும் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, பாரமே இல்லாமல் மெல்ல மிதியுங்கள். பெரும்பாலும் கூண்டே செயினைத் தூக்கி ஏற்றிவிடும். சட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவில் இறுகி மாட்டியிருந்தால் ஒரு மிதிகூட மிதிக்காதீர்கள். கார்பன் சட்டமாக இருந்தால் செயின் அதை அரம்போல் அறுத்துவிடும். இறங்கி, கிளட்ச் நெம்புகோல் இருந்தால் அதை அணைத்து, கூண்டை முன்னுக்குத் தள்ளித் தளர்த்தி, செயினை வந்த வழியே பின்னுக்கு உருவுங்கள். மாட்டியபின் நெம்புகோலைத் திரும்பப் போடுங்கள்.